மலைக்கு முன்பதிவு

மலையைப் பார்ப்பதற்கு ஒருவரிடத்தும் அனுமதி பெற வேண்டுவதில்லை. அதன்மேல் நடப்பதற்கோ இப்பொழுது நாள் குறித்து, பெயர் கொடுத்து, கட்டணம் செலுத்தி, முன்னரே இடம் பதிந்துகொள்ளல் வேண்டும். புகைவண்டியின் இருக்கைக்கும் நாடகக் கொட்டகையின் நாற்காலிக்கும் இருந்த முன்பதிவு குறிஞ்சி நிலத்திற்கும் வந்துவிட்டது. இது நன்றா, தீதா என்பதையும், நன்றாயின் அந்நன்மை யாவர்க்குக் கிட்டுகின்றது என்பதையும், நம் பக்கத்து மலைகளை முன்வைத்துச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆராய்ச்சி என்று தொடங்கினோமாயினும் இதனுள் எம் வீட்டுக் கதையும் கலந்துவரும், அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

பாலாறு மணலாய்க் கிடக்கும் இந்நெடும் பள்ளத்தாக்கில் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என ஊர்கள் வரிசையாய் நிற்கின்றன. 2019ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாய்ப் பிரிக்கப்பட்டபோது இவை வெவ்வேறு மாவட்டங்களுக்குரியவாயின. ஆயினும் தோல் என்னும் ஒரு தொழில் இவற்றை இன்றும் ஓர் ஊராகவே கட்டி வைத்திருக்கின்றது. இப்பள்ளத்தாக்கின் தெற்கே ஜவ்வாது மலைத்தொடரும், அதற்கு மேற்கே தனித்து நிற்கும் ஏலகிரியும் உள. காலையில் தோல் கிடங்குக்கோ ஷூ கம்பெனிக்கோ செல்லும் வண்டிகளின் சாளரங்களில் இம்மலைகள் நாள்தோறும் எழுகின்றன. மாலையில் அதே சாளரங்களில் மறைகின்றன.

மலைக்கும் தோலுக்கும் உள்ள உறவு காட்சியளவில் நின்றதன்று. குரோமிய உப்புக் கொண்டு பதனிடும் முறை 1970களுக்குப்பின் இங்குப் பெருகுமுன், தோல் பதனிடுவோர்க்கு வேண்டியவை மரப்பட்டையும் காய்களுமே. மலையடிப் புதர்க்காடுகளிலும் தரிசுகளிலும் உரித்த ஆவாரம்பட்டையும், ஜவ்வாது மலையினின்று இறங்கிய கடுக்காயும் ஊறிய தொட்டிகளிலேதான் நம் முன்னோர் தோலைத் தோய்த்தனர். நம் நாட்டுத் தோல் கடல் கடந்து பெயர் பெற்றதற்கு அப்பட்டையின் துவர்ப்பும் ஒரு காரணம். ஆகவே, இன்று உல்லாசத்திற்கு மலையேறும் நகரத்தார்க்கு முன்னரே, பிழைப்பிற்கு மலையேறிய ஒரு கூட்டம் இருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. 1882ஆம் ஆண்டில் சென்னை மாகாண வனச் சட்டம் பிறந்தபின், ஒதுக்குக் காடுகளுக்குள் விறகு வெட்டவும், பட்டை உரிக்கவும், ஆடு மேய்க்கவும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டியதாயிற்று. எனவே, மலைக்கு அனுமதி கேட்டல் என்பது புதிதன்று. ஏழை தன் தேவைக்குக் கேட்டதை இப்பொழுது செல்வர் தம் இன்பத்திற்குக் கேட்கின்றனர் என்பதே புதிது.

ஏலகிரியைப் பற்றிச் சிறிது கூறுவோம். கடல் மட்டத்திற்குமேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், பதினான்கு சிற்றூர்களைத் தன்மேல் தாங்கி நிற்பது அது. ஒரு காலத்தில் ஜமீன்தார் குடும்பம் ஒன்றின் உடைமையாயிருந்து, 1950களின் தொடக்கத்தில் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து ஏறும் பாதையில் பதினான்கு கொண்டையூசி வளைவுகள் உள. அவற்றிற்குப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கின்றனர். தமிழ் பயிலும் மாணவர்க்கு அப்பாதை ஓர் இலக்கிய வரலாற்றுப் பாடமாகும். கம்பரைக் கடந்து, கபிலரைக் கடந்து, பாரியின் வளைவில் வண்டி திரும்புகின்றது. தன் பறம்பு மலையைச் சூழ்ந்த முந்நூறு ஊர்களையும் இரவலர்க்கு ஈந்த பாரியின் பெயரைத் தாங்கிய பாதையில் சென்று, ஒரு நாளைக்கு இத்தனை பேர்க்குமேல் இடமில்லை என்னும் அறிவிப்பைப் படிப்பது முதலில் சிறிது நகைப்பையே தந்தது. ஆனால் ஆழ்ந்து நோக்குவார்க்கு, அவ்வறிவிப்பின்பின் ஒரு பெருந்துயரம் நிற்பது புலனாகும்.

அத்துயரம் யாதெனின், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் நாள் நிகழ்ந்ததாகும். வேனிற்காலத்துக் காய்ந்த புல்லில் பற்றிய காட்டுத்தீ, மலையேறிக்கொண்டிருந்த இளைஞர் கூட்டத்தைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் இளைஞர். காட்டுக்குள் எவர் சென்றார், எத்தனை பேர் சென்றார், எவ்வழியே சென்றார் என்னும் கணக்கு முன்னரே இருந்திருப்பின் என்னும் ஏக்கம் அன்று நாடெங்கும் எழுந்தது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. பின்னர், 2024ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், பதினான்கு மாவட்டங்களில் நாற்பது வழித்தடங்களைக் கொண்ட மலையேற்றத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. எளியது, நடுத்தரம், கடினம் என அத்தடங்களைப் பகுத்து, பயிற்சி பெற்ற மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாய் அமர்த்தி, இணையத்தின் வாயிலாக முன்பதிவு செய்வித்தனர். நம் பக்கத்து ஏலகிரியின் சுவாமிமலையும், அம்மலையின் மறுபுறத்து ஜலகாம்பாறையும் அந்நாற்பதனுள் அடங்கும். தீப் பற்றும் காலமாகிய பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை 2025ஆம் ஆண்டில் அத்தடங்கள் மூடப்பட்டிருந்தமை குரங்கணியின் பாடம் மறக்கப்படவில்லை என்பதற்குச் சான்று.

வரையறை வேண்டும் என்பதற்கு நம் ஊர்ப் பாலாறே மற்றொரு சாட்சி. ஆறு எல்லார்க்கும் பொது. அதில் எவரும் எதையும் விடலாம் என்று இருந்ததன் பயனை நாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், கெடுத்தவரே கேட்டிற்கு ஈடு செய்தல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, கெட்ட கிணறுகள் பல இன்னும் கெட்டபடியே உள. கணக்கின்றித் திறந்து விடப்பட்ட பொதுப்பொருள் இறுதியில் எவர்க்கும் பயன்படாது போதலை ஆற்றில் கண்ட நாம், மலையிலும் காண விரும்புவோமா? ஆகலின், முன்பதிவு தீதன்று. வேண்டுவதே என்பது நம் முதற் கருத்து.

நிற்க. இனி எம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

எம் அன்னையார் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் தையற்பொறியில் அமர்ந்து காலணியின் மேற்பாகம் தைப்பவர். வாணியம்பாடிக்கு அருகேயுள்ள எம் ஊரிலிருந்து விடியலில் கம்பெனி வண்டி ஏறினால், இருட்டிய பின்னரே வீடு திரும்புவார். பத்தொன்பது ஆண்டுகளாய், அஃதாவது நாம் பிறந்த ஆண்டு தொடங்கி, அவ்வண்டியின் சாளரத்தில் ஏலகிரியைப் பார்த்து வருபவர். ஆயின் ஒருநாளேனும் அதன்மேல் அடிவைத்தவரல்லர். அரை மணிப் பிரயாணத்தில் சென்றடையும் இடமன்றோ என்று அன்பர்கள் வினவலாம். அருகிலுள்ளதனாலேயே அதனை என்றைக்கேனும் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தல் மனித இயல்பு. அதனோடு ஆறு நாள் வேலையும், ஏழாம் நாள் துணி துவைத்தலும் சேர்ந்துவிடின் அந்த ‘என்றைக்கேனும்’ வருவதேயில்லை.

சென்ற ஆண்டு சிறுவர் சிலர்க்குப் பாடஞ்சொல்லி ஈட்டிய பொருள் நம் கையில் சிறிது சேர்ந்தது. அன்னையாரையும் தங்கையையும் சுவாமிமலைக்கு அழைத்துச் செல்வது என்று முடிவு செய்தோம். மூவர்க்குரிய கட்டணம் அன்னையாரின் பல நாட் கூலியை விழுங்கக்கூடியது. ஆதலின் அத்தொகையை அவரிடத்துச் சொல்லாமலே விடுதி அறையில் கைப்பேசியைத் திறந்தோம். பெயர், வயது, அடையாள அட்டை, தொலைபேசி எண் யாவும் எளிதில் நிரப்பினோம். நாள் என்னுமிடத்தில்தான் நின்றுவிட்டோம். வாரநாட்கள் வெறுமையாய் நம்மை வரவேற்றன, ஞாயிறுகளோ நிறைந்திருந்தன. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவார்க்கு ஏலகிரி தொலைவன்று; அவர்களும் அந்நாட்களையே விழைவர். அவர்கள்மேல் நமக்குக் குறையில்லை. அவர்க்கும் வாரத்தில் ஐந்து நாள் ஒருவருடைய ஏவலில் கழிவதேயன்றோ?

அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று பார்த்து, ஒரு ஞாயிற்றில் மூன்று இடங்கள் இருக்கக் கண்டு மகிழ்ந்து அன்னையார்க்குத் தொலைபேசியில் கூறினோம்.

“ஞாயிறு காலையிலா? ஆராதனைக்கு எப்போது போவது, கண்ணு?” என்றார்.

அதற்கு நம்மிடத்தில் விடையில்லை. சனிக்கிழமை ஒருநாள் விடுப்புக் கேட்கலாகாதா என்றோம். ஒருநாள் விடுப்பு என்பது ஒருநாட் கூலியோடு போவதில்லை. மாதம் முழுவதும் தவறாது வந்தார்க்குத் தரும் வருகைப்படியும் அதனோடு போய்விடும் என்பதை அவர் பொறுமையாய் விளக்கினார். “மலை எங்கும் போய்விடாது, நீ படி” என்று முடித்தார். நாம் அந்த மூன்று இடங்களை விட்டுவிட்டோம். சில நிமிடத்திற்குள் வேறு எவரோ அவற்றை எடுத்துக்கொண்டனர்.

அன்றிரவு நமக்கு ஒன்று தெளிவாயிற்று. முந்தினார்க்கு முதலிடம் என்னும் விதி பார்வைக்கு மிக நேர்மையானது. அது சாதி கேளாது, சமயம் கேளாது, முகம் பாராது. ஆயினும் அவ்விதி ஒன்றை மட்டும் கேட்கின்றது: உன் காலம் உன் கையில் இருக்கின்றதா என்று. ஆறு வாரத்திற்கப்பால் ஒருநாளைத் தன்னுடையது என்று உறுதியாய்ச் சொல்லவல்லவர்க்கே அவ்விதி பயன்படும். கம்பெனியில் அவசர ஏற்றுமதி வந்தால் ஞாயிறும் வேலைநாளாகும் ஒருவர், எந்த நாளைப் பதிவார்?

இத்தொல்லை நம் நாட்டிற்கே உரியதன்று என்று பின்னர் அறிந்தோம். அமெரிக்க நாட்டில் தேசிய வனங்கள் என்று பெயரிய பெருங்காடுகள் உள. அவை அந்நாட்டு வேளாண்மைத் துறையின்கீழுள்ள வனப்பணியால் ஆளப்படுவன. மலைக்காடுகளுள் கூடாரம் அடிப்பதற்கென்றே இடங்களைச் சமன் செய்து, எண்ணிட்டு, பொது இணையத்தளம் ஒன்றின் வாயிலாக வழங்குகின்றனர். பல இடங்களில் ஆறு திங்களுக்கு முன்னரே பதிவு திறக்கும். பெயர் பெற்ற இடங்கள் திறந்த சில நிமிடங்களுக்குள் நிறைந்துவிடும். அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்க மாநிலங்களுள் மிக உயர்ந்த சிகரமாகிய விட்னி மலை, கலிபோர்னியாவின் இன்யோ தேசிய வனத்தில் உள்ளது. 4,421 மீட்டர் உயரமுள்ள அதன்மேல் ஏறுவார் மிகப் பலராகவே, மே முதல் நவம்பர்த் தொடக்கம்வரை நாள் ஒன்றுக்கு ஒருநாட் பயணிகள் நூற்றுவர், இரவு தங்குவோர் அறுபதின்மர் என்று வரையறுத்து, ஆண்டுதோறும் பிப்ரவரியில் விண்ணப்பம் வாங்கிக் குலுக்கல் முறையில் இடம் வழங்குகின்றனர். விரல் விரைந்தவர்க்கு என்றில்லாமல், சீட்டு விழுந்தவர்க்கு என்பது அதன் நெறி. இன்னும் சில காடுகளில், ஒரு பங்கு இடங்களை முன்பதிவிற்குக் கொடாமல், அன்றைக்கு நேரில் வந்து நிற்பார்க்கென்றே வைத்திருக்கின்றனர். அம்மலைகளில் நடப்போர் அணிந்த காலணிகளுள் சிலவேனும் நம் பக்கத்துப் பெண்கள் தைத்தவையாய் இருத்தல் கூடும் என்னும் எண்ணம், இவற்றைப் படிக்குங்கால் நம்மை விட்டகலவில்லை.

அவ்வெண்ணம் விரைவில் வேறொரு வடிவத்தில் எம் வீட்டிற்குள்ளேயே வந்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் தொடங்கி, இந்தியாவிலிருந்து செல்லும் பண்டங்கள் பலவற்றின்மேல் அமெரிக்க அரசாங்கத்தின் வரி 50 விழுக்காடாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் அச்செய்தியை நாளிதழில் படித்தறிய வேண்டியிருக்கவில்லை. வேலைக் குறைவில் அறிந்தன. எம் அன்னையார் பணிபுரியும் இடத்தில் முதலில் மிகைநேர வேலை நின்றது. பின்னர் வாரத்தில் ஆறு நாள் ஐந்தாயிற்று. டிசம்பரில் சில வாரங்கள் நான்கும் ஆயிற்று. செவ்வாய்க்கிழமைகளில் கம்பெனி வண்டி எம் ஊர்க்கு வரவில்லை.

நம் பருவத்தேர்வு முடிந்து வீட்டிலிருந்தோம். அத்தகைய ஒரு செவ்வாய்க்கு முந்திய வாரம் கைப்பேசியைத் திறந்து பார்த்தோம். சுவாமிமலை வெறுமையாயிருந்தது, எத்தனை இடம் வேண்டுமாயினும் எடுத்துக்கொள் என்பதுபோல் இருந்தது. நெடுநாள் விரும்பிய ஒன்று எளிதாய்க் கைவரும்போது உண்டாக வேண்டிய மகிழ்ச்சி நமக்கு உண்டாகவில்லை. கூலி உள்ள நாளில் மலை இல்லை; மலை உள்ள நாளில் கூலி இல்லை. இருப்பினும் பதிவு செய்தோம். அன்னையார் இம்முறை மறுக்கவில்லை. “வீட்டில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு, போய்த்தான் வருவோமே” என்றார்.

விடியலில் எலுமிச்சஞ்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டோம். வளைவுகளில் வண்டி திரும்புந்தோறும் தங்கை பலகைகளில் உள்ள பெயர்களை உரக்கப் படித்து வந்தாள். மலைமேல், மங்கலம் என்னும் சிற்றூர்ப் பக்கத்தில் வழிகாட்டியாகிய இளைஞர் காத்திருந்தார். மலையாளி என்று பெயர் வழங்கும் மலைவாழ் குடியைச் சேர்ந்தவர். மலையை ஆள்பவர் என்பது அப்பெயர்க்கு அவர்கள் சொல்லும் பொருள். அன்று அத்தடத்தில் எம் மூவரையன்றி வேறு எவருமிலர். அவர் எம் பெயர்களைத் தாளில் சரிபார்த்து, நெகிழிப் பைகள் உளவா என்று நோக்கி, பின் அன்னையாரின் கால்களைக் கண்டார்.

“அம்மா, செருப்பு வழுக்கும். ஷூ இல்லையா?” என்றார்.

அன்னையார் நகைத்தார். “ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி தைக்கிறேன் தெரியுமா, தம்பி? ஒன்றும் என் காலுக்கு இல்லை” என்றார். அதனைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகவே சொன்னார். அவ்விளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர்ப் புதரில் ஒரு கோல் ஒடித்து அவர் கையிற் கொடுத்து, சரிவு வரும் இடங்களில் எல்லாம் முன்சென்று நின்றார்.

ஏறுவழியில் அவ்விருவர்க்கும் பேச்சு வளர்ந்தது. தாயார் பிறந்த ஊர் ஜவ்வாது மலையில் என்றும், தாயாரின் தந்தை கடுக்காய் பொறுக்கி மூட்டை கட்டிச் சுமந்து சமவெளிக்கு இறங்கித் தோல்காரர்க்கு விற்றவர் என்றும் அவர் கூறினார். “அந்தக் காயை எதற்கு வாங்குகிறார்கள் என்றே தாத்தாவுக்குத் தெரியாதாம், அம்மா. மருந்துக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்” என்றார்.

“என் மாமனார் அந்தக் காயை இடித்துத் தொட்டியில் கொட்டினவர்தான்” என்றார் அன்னையார். “அது எந்த மரத்தில் காய்க்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.”

ஒரு மலையின் காயும் ஒரு சமவெளியின் தொட்டியும் இரண்டு தலைமுறை கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமையில் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. அவ்வுரையாடலை நாம் எந்நூலிலும் கற்றிருக்க இயலாது. காடு பார்க்க வருவார்க்குக் காட்டை அறிந்தவரே வழிகாட்டுதல் வேண்டும் என்னும் ஏற்பாட்டின் சிறப்பு அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மலைவாழ் மக்கட்குச் சிறுவன விளைபொருளின்மேல் உரிமை அளித்தது. வழிகாட்டுதலாகிய இவ்வேலை, அவர்தம் அறிவின்மேலும் அவர்க்கு ஊதியம் அளிக்கின்றது.

உச்சியை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. கிழக்கே ஜவ்வாது மலைத்தொடர் நீலமாய் நீண்டு கிடந்தது. அதனுள் எங்கோ, 1986ஆம் ஆண்டு முதல் விண்மீன்களை நோக்கிவரும் காவலூரின் பெருந்தொலைநோக்கி உள்ளது என்று தங்கைக்குக் கூறினோம். கீழே புகைவண்டி ஒன்று மரவட்டைபோல் ஊர்ந்தது. அன்னையார் வடக்கு நோக்கி நெடுநேரம் நின்றார். எதைப் பார்க்கின்றீர் என்று வினவினோம்.

“நம் வண்டி போகிற ரோடு எது என்று பார்க்கிறேன்” என்றார்.

பத்தொன்பது ஆண்டுகள் சாலையிலிருந்து மலையைப் பார்த்தவர், மலைமேல் நின்றவுடன் சாலையைத் தேடினார். மறுரூபமான மலையில் கூடாரம் அமைத்து அங்கேயே தங்கிவிட விரும்பிய சீடரைப் பற்றி நாம் வேதத்தில் படிக்கின்றோம். அவரும் கீழிறங்கவே வேண்டியதாயிற்று, அடிவாரத்தில் பணி காத்திருந்தமையால். எம் அன்னையார்க்கோ அடிவாரத்தில் பணி காத்திருக்குமா என்பதே அன்றைய கவலை. சோற்றை அவிழ்த்து வழிகாட்டிக்கும் பங்கிட்டு உண்டு, நண்பகல் கழிவதற்குள் இறங்கினோம். இறங்கும்போது, “அடுத்த முறை உன் பெரியம்மாவையும் அழைத்து வரலாம்” என்று அவர் சொன்னதே, அந்நாள் வீணாகவில்லை என்பதற்கு நமக்குப் போதுமான சான்று.

இனி, இவ்வளவும் கண்ட நமக்குத் தோன்றும் கருத்துக்கள் சிலவற்றைப் பெரியோர் முன் வைக்க விரும்புகின்றோம்.

முதலாவது, ஞாயிறுகளிலும் பண்டிகை விடுமுறைகளிலும் உள்ள இடங்களுள் ஒரு பகுதியை, மலையைச் சூழ்ந்துள்ள ஊர்களின் தொழிலாளர்க்கும் மாணவர்க்கும் ஒதுக்கி வைக்கலாம். கட்டணத்திலும் அவர்க்குச் சிறிது தளர்வு காட்டலாம். மலையின் நிழலில் வாழ்வார் அதனை விருந்தினர்க்குப் பின் நின்று காண்பது முறையன்று. இரண்டாவது, விரைந்தவர்க்கே எல்லாம் என்னாது, மிகுதியாய் விரும்பப்படும் நாட்களுக்கு விட்னி மலைக்குச் செய்வதுபோல் குலுக்கல் முறையைச் சிறிதளவேனும் கைக்கொள்ளலாம். வேகமான கைப்பேசி இல்லாதவர்க்கும் சீட்டு விழும். மூன்றாவது, சில இடங்களை அடிவாரத்தில் நேரில் வருவார்க்கென்று நிறுத்தி வைக்கலாம். தமக்கு ஓய்வு வாய்க்கும் நாளை முன்னரே அறியமாட்டாத கூலிமக்கட்கு அதுவே உற்ற வழி.

நான்காவது கருத்து அரசாங்கத்திற்கன்று, நமக்கே. நாம் போகமாட்டோம் என்று தெரிந்த பின்னும் பதிந்த இடத்தை விடாது வைத்திருத்தல் நம்முள் பலர்க்கு வழக்கமாகிவிட்டது. பணம் நம்முடையதாயினும் நாள் நம்முடையதன்று. ஒரு ஞாயிறு ஒருவர்க்கு வெறுமையாய்க் கழிவதற்காக மற்றொருவர்க்கு மூடப்படுதல் கூடாது. நாம் கைவிட்ட அந்த மூன்று இடங்கள் சில நிமிடத்தில் வேறொருவர்க்குப் பயன்பட்டன என்பதை மேலே கூறினோம். அவர் யாவரென்று நாம் அறியோம். அவர்க்கும் அவ்வொரு ஞாயிறுதான் வாய்த்ததோ, யாரறிவார்?

நம் கல்லூரியின் பழைய மாணவர்களுள் தோல் தொழிலில் உயர்ந்த பொறுப்பிலுள்ளோர் பலர். அன்னாரிடத்து ஒரு விண்ணப்பம். ஆண்டிற்கு ஒருநாள், கூலியும் வருகைப்படியும் குறையாமல், தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாய் இம்மலைகளுக்கு அனுப்ப உங்களால் இயலும். வாரநாட்களில் தடங்கள் வெறுமையாகவே உள. ஏற்றுமதி குறைந்த நாளில் அன்று, நிறைந்த நாளிலேயே அதனைச் செய்தல் வேண்டும். அப்போதுதான் மலையேறுவார் மனம் கீழேயுள்ள சாலையைத் தேடாது.

இதனை எழுதும் இத்திங்களில் எம் ஊர்க்குக் கம்பெனி வண்டி மீண்டும் ஆறு நாளும் வருகின்றது. அதற்காக ஆண்டவனைத் துதிக்கின்றோம். பெரியம்மாவையும் சேர்த்து நால்வர்க்கு இடம் வேண்டுமென்று நேற்றும் பார்த்தோம், ஞாயிறுகள் நிறைந்திருக்கின்றன.